பாட்டு கேட்கும், படம் வராது

கல்யாணமாகி மண்ணூருக்கு வந்தபோது, என்னோடு வந்த சாமான்களில் நானே சம்பாதித்து வாங்கியது ஒரு டிவிடி பிளேயர் மட்டும்தான். செல்போன் கம்பெனி அசெம்பிளி லைனில் கால் கடுக்க நின்று, ஓவர்டைம் பார்த்து வாங்கியது. அதன் அட்டைப்பெட்டியைக்கூட நான் தூக்கிப் போடவில்லை.

அந்த வீட்டில் மாமியார், என் வீட்டுக்காரரின் அண்ணன், அண்ணன் மனைவி, அவர்களுடைய மகள் இருந்தார்கள். அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிளேயரை டிவியோடு நான்தான் மாட்டினேன். படத்துக்கு மஞ்சள் ஒயர், சத்தத்துக்குச் சிவப்பும் வெள்ளையும். சூடேறாமல் இருக்க, பின்பக்கம் காற்றுப் போக இடம் விட்டு வைத்தேன். டிஸ்க்கை ஓரத்தில் பிடிக்க வேண்டும், துடைத்தால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொன்னேன். அக்கா கேட்டுக்கொள்வாள், பிறகு வடை தின்ற கையோடு டிஸ்க்கைப் போடுவாள். வெளியே வந்த ட்ரேயைப் பட்டனை அழுத்தி மூடாமல் கையால் குத்தித் தள்ளுவாள். எங்கேயாவது சிக்கிக்கொண்டால், "இன்னா மிஷினுடி இது, ஒன்ன மாரியே மொரண்டு புடிக்குது" என்பாள். நான் பஞ்சை எடுத்து லென்ஸைத் துடைத்து வைப்பேன்.

வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்ததும் சேரப்பணஞ்சேரியில் வாடகைக்கு வீடு பார்த்தோம். சாமான் ஏற்ற குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்றது. நான் பிளேயரின் ஒயரைக் கழற்றப் போனேன். அக்கா குறுக்கே வந்தாள்.

"அத்த எதுக்குத் தொடற? அது வூட்டுப் பொருளு."

"நான் வாங்கனது, அக்கா."

"நீ வாங்கனியா? பொறந்த வூட்லேர்ந்து இன்னாத்த கொண்டாந்த நீ? கட்டன பொடவையோட வந்தவதான?"

சாமான் தூக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமியார் அடுப்படிக்குள் போய்விட்டார். வீட்டுக்காரர், "வுடு, வேற வாங்கிக்கலாம்" என்றார். எனக்குக் காது இரண்டும் எரிந்தன.

பீரோவை ஏற்றுவதைப் பார்க்க அக்கா வெளியே போனாள். நான் பிளேயரைப் போட்டு, ரிமோட்டால் செட்டப் மெனுவைத் திறந்தேன். படம் எந்த ஒயர் வழியாக வர வேண்டும் என்று கேட்கும் இடத்தில், அந்த வீட்டில் இல்லாத ஒயரைத் தேர்ந்தெடுத்தேன். திரை கறுத்துப் போனது. பிளேயரை அணைத்துவிட்டு, ரிமோட்டை என் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டி ஏறினேன்.

சில நாளில் மாமியார் போன் செய்தார். "பாட்டு மட்டும் கேக்குது, படமே வரல. ரிமோட்டையும் காணோம்."

"அப்படியா அத்தை?" என்றேன். அன்று கம்பெனியில் ஷிப்டு முழுக்க என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, லைனில் இருந்த பெண்கள் என்னவென்று கேட்டார்கள். கடையில் ஒரு ரிமோட் வாங்கிப் பார்த்தார்களாம், அதற்குப் பிளேயர் அசையவில்லை. மெக்கானிக் ஒருவர் போர்டு போய்விட்டது என்றாராம். ஒவ்வொரு செய்தியும் எனக்கு இனித்தது. அக்கா கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்து பாட்டைக் காதால் மட்டும் கேட்பதை நினைத்துக்கொண்டே தூங்குவேன்.

பிறகு அவள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. அந்த வீடியோ டிவிடியாக வந்ததும், பார்ப்பதற்குச் சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்காரரின் அண்ணன் எனக்கே போன் செய்தார். "ஒனக்குதான் அது தெரியும். வந்து பாரும்மா."

போனேன். வீட்டுக்காரர்தான் பைக்கில் கூட்டிப்போனார். கூடம் நிறைய ஆட்கள். மூன்று ஒயரையும் பிடுங்கி, முனைகளை முந்தானையால் துடைத்து, அவசரமே இல்லாமல் மறுபடி மாட்டினேன். பாட்டு கேட்டது. படம் இல்லை. அக்கா காபி டம்ளர்களோடு வந்து நின்றாள்.

"அக்கா, இது யாருதுக்கா?" என்றேன்.

"இப்ப இன்னாத்துக்கு அந்தப் பேச்சு?"

"சும்மா சொல்லுக்கா. எல்லாரும் கேக்கட்டும்."

அவள் தன் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். டிவி பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள், "சொல்லும்மா, படம் பாக்கணும்" என்றாள்.

"உன்னுதுதான்" என்றாள் அக்கா.

"யாரு கொண்டாந்தது?"

"நீதான் கொண்டாந்த. போதுமா?"

போதும். பையிலிருந்து ரிமோட்டை எடுத்தேன். அதைப் பார்த்ததும் அவள் காபி டம்ளர்களைக் கீழே வைத்தாள். திரை கறுப்பாக இருந்தாலும், மனப்பாடமாக வைத்திருந்த வரிசையில் செட்டப் பட்டன்களை அழுத்தினேன். படம் வந்தது.

அந்தப் பெண்ணுக்காக வீடியோவை முழுவதும் ஓடவிட்டேன். அவள்மேல் எனக்கு என்ன கோபம்? முடிந்ததும் ஒயர்களைச் சுருட்டி, பிளேயரைத் துண்டில் சுற்றினேன். யாரும் தடுக்கவில்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரகடம் மேம்பாலம் தாண்டியதும் வீட்டுக்காரர், "இப்ப சந்தோசமா?" என்றார்.

"ரொம்ப" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் தன் சாமி பாட்டு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வந்துவிட்டார். ஓரத்தைப் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"அவ இன்னும் ஒன்ன வைஞ்சிக்கினுதான் கீறா."

"வையட்டும் அத்தை" என்று சொல்லிச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.