அக்கா எதிர்த்த பிரேரணை

மாகாண சபையில் உரைபெயர்ப்பாளர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த கண்ணாடி அறையில் ஒரு கறுப்பு ஒலிவாங்கி இருந்தது. அதன் கழுத்திலிருந்த சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வரைக்கும் எனக்கென்று ஒரு குரல் கிடையாது. 'உறுப்பினர் சொல்கிறார்' என்று விலகி நின்று பேச எங்கள் தொழிலில் இடமில்லை. பேசுகிறவருடைய 'நான்' என்னுடைய 'நான்' ஆகிவிட வேண்டும். வடிகால் கேட்ட உறுப்பினராகவும் அதை மறுத்த அமைச்சராகவும் ஒரே காலையில் பேசிவிட்டு, மாலையில் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குத் திரும்பியிருக்கிறேன். எதுவும் என்னைத் தொட்டதில்லை. ஒரே ஒரு நாள் மட்டும் அப்படி இருக்கவில்லை. அன்று நான் அக்காவாக இருந்தேன்.

சபையின் காவலாளி முதல் தவிசாளர் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் துணிக்கடை வைத்தவரின் மகள். நாட்டின் பழைய கட்சியொன்றின் சின்னத்தில் வென்று வந்தவர். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் சபையில் தமிழைத் தவிர வேறெதிலும் வாய் திறக்கமாட்டார். "நான் சிங்களத்தில கதைச்சா உமக்கு அங்க மேல என்ன வேலை, தங்கச்சி?" என்று என்னைச் சீண்டுவார்.

அவர் ஓயாமல் கேட்டது ஒன்றைத்தான்: தம் பகுதியின் தாய்சேய் கிளினிக்குக்குத் தமிழ் தெரிந்த ஒரு மருத்துவமாது. அங்கே ஓர் இளம் தாயிடம், பிள்ளையின் அசைவு குறைந்தால் உடனே ஓடிவரும்படி சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்கள். புரியாமலே அவள் தலையாட்டிவிட்டாள். பிள்ளை பிழைக்கவில்லை. "அவள் தலையாட்டினவள், தவிசாளர் அவர்களே" என்று அக்கா சபையில் சொன்னபோது, அதைச் சிங்களத்தில் சொன்னவள் நான்.

பிறகொரு நாள், எதிர்வரிசைக்காரர் ஒருவர் அந்தக் கோரிக்கையையே தமது பிரேரணையாகக் கொண்டுவந்தார். யார் கொண்டுவந்தால் என்ன, அக்காவின் ஒரு சொல் போதும், நிறைவேறிவிடும் என்று நான் மகிழ்ந்திருந்தேன். எதிரணிக்கு அந்த நல்ல பெயர் போகக்கூடாதென்று அக்காவின் கட்சி முடிவெடுத்திருந்தது எனக்குத் தெரியாது. முன் வரிசையிலிருந்த அந்தக் கட்சியின் இளம் கொறடா திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா எழுந்தார்.

"நான் இந்தப் பிரேரணையை எதிர்க்கிறேன்."

காதுக்கருவி பழுதாகிவிட்டது என்றே முதலில் நினைத்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சபை காத்திருந்தது, தவிசாளர் நிமிர்ந்து என் கண்ணாடி அறையைப் பார்த்தார். நான் எதிர்க்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னேன். அந்த வாக்கியம் என் வாயில் உலோகம்போலக் கசந்தது. பிரேரணை தோற்றது.

சிற்றுண்டிச்சாலையில் அக்கா தனியே பிளேன் ரீயோடு உட்கார்ந்திருந்தார். "நீங்களா அக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்றேன்.

"ஓம், நான்தான். நீரும்தானே சொன்னனீர்" என்று சிரிக்க முயன்றார். முடியவில்லை.

"கலவரத்தில உங்கட கடையை எரிச்சவங்கள் எந்தக் கட்சியெண்டு மறந்துபோச்சோ?"

"எப்பிடி மறக்கிறது? ஒவ்வொருத்தன்ர முகமும் தெரியும். எங்களைத் தன்ர வீட்டுக்குள்ள எடுத்து கேற்றைப் பூட்டின பக்கத்து வீட்டு ஐயாவும் அதே கட்சிதான். வெளியில நிண்டு, உள்ளுக்கு ஒரு தமிழரும் இல்லையெண்டு தன்ர ஆக்களுக்கே பொய் சொன்ன மனிசன். அவற்ற மகன்தான் இந்தக் கொறடா. இண்டைக்குத் திரும்பிப் பாத்தானே, தேப்பன்ர அதே முகம். அந்த முகத்துக்கு முன்னால எப்பிடி மாட்டன் எண்டுறது?"

"அந்தத் தாய்க்கு என்ன சொல்லப் போறீங்கள்?"

தேநீரின் ஆடாத மேற்பரப்பைப் பார்த்தபடி இருந்தார்.

கட்சிப் பற்று ஏன் தலைமுறைகளைத் தாண்டுகிறது என்பதற்கு நான் வாசித்த நூல்கள் பல காரணங்களைத் தந்திருந்தன: வேலைவாய்ப்பு, குடும்பப் பெருமை, பழக்கம், பயம். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு பகற்பொழுதில் திறந்த கேற்று, இத்தனை ஆண்டுகளுக்குப் பின் ஒரு கிளினிக்கின் கதவை அடைத்துப் பிடிக்கும் என்று எதிலும் நான் வாசித்ததில்லை. கெட்டதிலிருந்து கெட்டது பிறப்பதை ஏற்கப் பழகியிருந்தேன். ஒரு நல்ல மனிதரின் துணிச்சலிலிருந்து இது பிறந்ததுதான் என்னை உலுக்கியது. அதன்பின் கண்ணாடி அறையிலிருந்து கீழே பார்க்கும்போதெல்லாம், ஒவ்வோர் ஆசனத்துக்குப் பின்னாலும் யாரோ ஒரு முகம் நிற்பதாகவே தோன்றியது. கொள்கை பேசியவர்கள்கூட அந்த முகத்தைக் கேட்டுத்தான் கை உயர்த்தினார்கள் போலும்.

சபை கலைந்து ஆண்டுகள் ஆகின்றன, தேர்தல் வரவில்லை. கொறடா இதற்கிடையில் வேறு கட்சிக்குத் தாவிவிட்டார். கொட்டாஞ்சேனைச் சுவர்களில் அவருடைய படம் புதிய நிறத்தில் சிரிப்பதைக் கண்டு, பதற்றத்தோடு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"போகட்டும், அவன் சின்னப் பொடியன்" என்றார். "கேற்றைத் திறந்தது அவனில்லையே. என்ர வாக்கு ஐயாவின்ர சின்னத்துக்குத்தான்."

சுவரிலிருந்த படத்தைத் திரும்பிப் பாராமல் பஸ் தரிப்புக்கு நடந்தேன்.

போன மாதம் தங்கையின் மகளான என் பெறாமகளுக்குத் துணையாக அந்தக் கிளினிக்குக்குப் போனேன். தமிழ் தெரிந்த மருத்துவமாது இன்றைக்கும் அங்கே இல்லை. மேசையருகே ஒரு பிளாஸ்டிக் கதிரையில், முழுதும் நரைத்த தலையோடு அக்கா உட்கார்ந்திருந்தார். "சபை கலைஞ்ச நாளிலயிருந்து ஒவ்வொரு கிளினிக் நாளும் வந்து குந்திடுவா" என்று வரிசையில் நின்ற பெண்ணொருத்தி சொன்னாள்.

முறை வந்த ஓர் இளம் பெண் தயங்கித் தயங்கித் தமிழில் ஏதோ சொன்னாள். அக்கா முழுவதையும் கேட்டார், சிங்கள மருத்துவமாதுவிடம் திரும்பினார். சபையில் ஒருபோதும் பேசாத சிங்களத்தில், தெளிவாகச் சொன்னார்:

"எனக்கு இது எட்டாவது மாதம். நேற்றிலிருந்து என் பிள்ளை அசையவில்லை."

எழுபதைத் தாண்டிய பெண். யாரும் சிரிக்கவில்லை. மருத்துவமாது சட்டென்று எழுந்து அந்தப் பெண்ணைக் கட்டிலில் படுக்கவைத்துக் கருவியை வயிற்றில் அழுத்தினார். அறை அடங்கியது. பிறகு அவர் நிமிர்ந்து ஒரு சொல் சொன்னார். இளம் பெண் புரியாமலே தலையாட்டத் தொடங்கினாள்.

"தலையாட்டாதையும்" என்றார் அக்கா, அவளுடைய கையைப் பற்றி. "கேளும். துடிக்குதாம்."

அங்கே ஒலிவாங்கி இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை. இருந்தும் அடுத்த பெண் வந்து நின்றதும், அக்காவின் குரல் மறுபடி அவருடையதாக இல்லாமல் போனது.