ரேணுகா மேடமும் கொதிக்கிற காரும்

காலை ஷிஃப்டின் தேநீர் இடைவேளையில், கேன்டீன் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசியில் நாகராஜ் அண்ணன் அழைத்தார். ரேணுகா மேடத்தின் கணவர். அவர் என்னை அழைப்பதே அபூர்வம். எங்கள் காரின் பானட்டுக்கு, அதாவது இன்ஜின் மூடிக்கு, அடித்த வண்ணத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்து, "பெயின்ட் காஞ்சிருச்சாண்ணே?" என்று கேட்டேன். "சங்கரு, மேடம் போயிட்டாங்கப்பா" என்றார்.

தன் மனைவியை அவர் ஒருநாளும் மேடம் என்று சொன்னதில்லை. எனக்கு விளங்கட்டும் என்று என் வார்த்தையை எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அப்படியும் எனக்கு விளங்கவில்லை. எங்கே போயிட்டாங்க என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். சானமாவுக் காட்டை ஒட்டிப் போய்வருகிற எங்களுக்குத் தெரியும், யானை ஓசையே இல்லாமல்தான் வந்து நிற்கும். இந்தச் சாவும் அப்படித்தான் வந்தது. நோய் கிடையாது, மாத்திரை கிடையாது. பால் காய்ச்சி இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று மருத்துவமனையில் சொன்னார்களாம். முந்தின நாள் மாலைதான், பம்பருக்குப் பின்னால் நான் ஒட்டிய ரப்பர் பட்டையில் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறது என்று என்னைத் திட்டியிருந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் காரை எடுத்துப் பார்ப்பதாக இருந்தோம். அப்படிப்பட்டவர் இல்லை என்றால், இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அச்சு வடிவமைப்புப் பொறியாளராக இருந்தார் ரேணுகா அவர்கள். தகட்டை எங்கே அழுத்தினால் எப்படி வளையும் என்று கணக்குப் போடுவது அவர் வேலை. நான் அருப்புக்கோட்டைக்காரன், அதே தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். அவர் வீடு சூளகிரிப் பக்கம். நாகராஜ் அண்ணன் செண்டுமல்லி பயிரிடுகிறவர். கணவனும் மனைவியும் சண்டையைத் தெலுங்கிலும் சமாதானத்தைத் தமிழிலும் செய்துகொள்வார்கள். எது நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு இதுவே வசதியாக இருந்தது.

எங்களை நண்பர்களாக்கியது ஒரு கார். யாரோ கைவிட்ட பழைய செடான். அதில் பெரிய இன்ஜினை இறக்கி, கோவைப் பக்கத்து கார் பந்தயத் தடத்தில் ஒருநாள் முழுவதும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பூ கட்டும் கொட்டகையின் ஒரு மூலையை அண்ணனிடம் கேட்டு வாங்கினார். பொதுச் சாலையில் வேகம் காட்டக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார். "ரோடு ஊருக்குச் சொந்தம் சங்கர். பறக்குறதெல்லாம் டிராக்ல வெச்சிக்கலாம்."

இன்ஜின் பெரிதானால் அதற்குக் காற்றும் அதிகம் வேண்டும் அல்லவா? நான் என் புத்தியைக் காட்டினேன். காற்றை அள்ளி உள்ளே தள்ளுவதற்காக பானட்டின் நடுவில் வைப்பார்களே, ஸ்கூப், அதைத் தகட்டில் தட்டி, பானட்டை வெட்டிப் பொருத்தினேன். பார்க்கப் புலி மாதிரி இருந்தது. மேடம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மறுவாரம் ஒரு சிவப்புக் கம்பளி நூல்கண்டோடு வந்தார்.

நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, கார் முழுக்க ஒவ்வொன்றாக ஒட்டினோம். காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது, நூலைப் பார்க்கலாம் என்றார். குருபரப்பள்ளிக்கு அருகே மனை விற்காமல் கிடந்த ஒரு லேஅவுட்டின் காலிச் சாலையில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, நான் காரை ஓட்ட, அண்ணனின் பூ வண்டியில் மேடம் பக்கத்திலேயே வந்து படம் பிடித்தார். திரும்பும்போது டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்கார அம்மா நூல் தொங்கும் காரைப் பார்த்துவிட்டு எந்தக் கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று விசாரித்தார். மேடம் சிரிக்கவே இல்லை. ஆஞ்சநேயரோட அப்பாவுக்கு என்றார். அந்த அம்மா காருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எங்களுக்குச் சூடாக வடை கொடுத்தார்.

படத்தைப் போட்டுப் பார்த்தோம். மற்ற நூல்களெல்லாம் ஒழுங்காகப் படிந்து பின்னோக்கி ஓடின. என் ஸ்கூப்பின் வாயில் ஒட்டியவை மட்டும் உள்ளே போக மனமில்லாமல் வெளியே எட்டிப் பார்த்துத் தவித்தன. அந்த இடத்தில் காற்று உள்ளே நுழைய விரும்பவில்லை என்று பொருள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மேடம் இன்ஜினுக்கான காற்றை முன் பம்பர் வழியாக எடுக்க ஒரு பெட்டி வரைந்தார். இன்ஜின் சூடு அதில் கலக்காமலிருக்க ரப்பர் பட்டை வைத்தார். கார் நன்றாக இழுத்தது. பிரச்சினை வேறு பக்கமிருந்து வந்தது.

கார் கொதிக்க ஆரம்பித்தது. ஓடும்போது சமாளித்துவிடும். மெதுவாகப் போனால் போதும், வெப்பமானியின் முள் ஏறிச் சிவப்பைத் தொடும். கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ரேடியேட்டரைக் காட்டிவிட்டுத் திரும்பிய ஒருநாள், ஜூஜுவாடியில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தபோது, புகை மண்டி நின்றேவிட்டது. முன்னும் பின்னும் ஒலிப்பான்கள் அலறின. ஒருவர் கன்னடத்தில் எங்கள் பரம்பரையையே விசாரித்தார். நானும் மேடமும் காரைத் தள்ளி ஓரம் கட்டினோம். அந்த அவமானம் எனக்கு மறக்கவில்லை. அவரோ ஓரத்தில் நின்று, ஏறி இறங்கும் பயணிகளோடு நின்ற ஒரு டவுன் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன் வாசல்ல ஏத்திக்கினே இருக்கோம் சங்கர். பின் வாசலத் தொறக்கவே இல்ல" என்றார்.

காற்று ரேடியேட்டர் வழியாக உள்ளே வருகிறது, சூடாகிறது, வெளியேற வழியில்லாமல் இன்ஜினைச் சுற்றி அடைந்து கிடக்கிறது. அதுதான் விஷயம். வெளியேற்றும் வழியை எங்கே வெட்டுவது என்று மறுபடி நூல் படத்தைப் போட்டார். பார்த்தால், நான் ஸ்கூப் வைத்த அதே இடம். "எடம் கரெக்டாதான் வெச்சிருக்க. திசைதான் தப்பு" என்று சொல்லி அப்போதுதான் சிரித்தார். என் ஸ்கூப்பைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் மீனுக்கு இருப்பதுபோல் பின்பக்கம் பார்த்துத் திறக்கும் தகட்டுச் செவுள்களை அவரே வரைந்து அழுத்தி எடுத்தார். மழைத்தண்ணீர் பட்டாலும் கெடாத பாகங்களுக்கு மேலே வருகிற மாதிரி பார்த்துப் பொருத்தினோம். வண்ணம் அடித்தோம். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போன ஆயுத பூஜையன்று நாகராஜ் அண்ணன் தன் தோட்டத்துச் செண்டுமல்லியில் ஆள் உயரத்துக்கு மாலை கட்டி, ஆசையாகக் காரின் முன்பக்கம் குறுக்கே போட்டார். மேடம் அதை அவிழ்த்துப் பக்கக் கண்ணாடிகளில் மாட்டினார். "மூக்க மூடிட்டுப் பூஜ பண்ணா எந்தச் சாமிக்குப் புடிக்கும்?" என்றார். உடனே தெலுங்கு ஆரம்பித்துவிட்டது. அண்ணன் அன்றைக்குச் சுண்டலைத் தொடவில்லை.

சாவு வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வருகிறவர்கள் உட்காரக் கொட்டகையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். கார் வாசலுக்கு வந்திருந்தது. மேடத்தைப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள், யாரோ சொல்வதைக் கேட்டுவிட்டுப் பதில் யோசிப்பவர் போல இருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அவருடைய காரும் ஊர்வலத்தில் பின்னால் வரட்டும் என்றார் அண்ணன். பெரியவர் ஒருவர், இது என்ன வழக்கம் என்று மறுத்தார். அவ கை வெச்ச வண்டி என்று மட்டும் அண்ணன் பதில் சொன்னார். வீட்டிலிருந்து, இறுதிச் சடங்கு நடக்கும் அவர்கள் நிலம் வரை நடை வேகத்தில் போக வேண்டும். இந்தக் காருக்கு ஆகாததே அதுதான். செவுள்களை வைத்தபின் நாங்கள் ஓட்டிப் பார்க்கவே இல்லை. வழியில் கொதித்து நின்றால், இவ்வளவு படித்து என்ன செய்தாள் என்று அவர் கடைசிப் பயணத்தில் நாலு பேர் பேசுவார்கள். அண்ணனைத் தனியே கூப்பிட்டு இதைச் சொன்னேன்.

"கொதிச்சா தள்ளிக்கினு போவோம்" என்றார்.

நான் சாவியோடு வந்தபோது உறவினர்கள் காரின் முன்பக்கம் முழுக்க மாலை மேல் மாலையாகக் கட்டி மூடியிருந்தார்கள். துக்க வீட்டில் மாலையை எடு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஈர வேட்டியோடு நின்றிருந்த அண்ணன் அதைப் பார்த்தார். வந்தார். குனிந்து, முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, மாலைகளைக் கொண்டுபோய்ப் பக்கக் கண்ணாடிகளில் மாட்டினார். "மூக்க மூடக்கூடாது" என்றார்.

பறை முன்னே போக, மேடத்தை ஏற்றிய ரதம் நகர்ந்தது. முதல் கியரில் பின்னால் ஊர்ந்தேன். முள் ஏறியது. நடுவைத் தொட்டது. மின்விசிறி சுழலும் சத்தம் கேட்டது. நான் சாலையைப் பார்த்ததைவிட முள்ளைத்தான் அதிகம் பார்த்தேன். அது அங்கேயே நின்றது. நிமிர்ந்தபோது, பானட்டின் செவுள்களிலிருந்து சூடான காற்று வெயிலில் நெளிந்து நெளிந்து மேலே எழுந்துகொண்டிருந்தது. நூல் இல்லாமலே காற்றைக் கண்ணால் பார்த்தேன். அந்த நெளிவுக்கு அப்பால், முன்னே போன ரதமும் அதன் பூக்களும் அலைந்து அலைந்து தெரிந்தன. நான் வாய்விட்டு அழுதேன்.

மேடம், நிலம் வரை முள் நடுவிலேயே நின்றது. வண்டியை யாரும் தள்ளவில்லை. போய் வாருங்கள்.