மாமாவின் எஞ்சின், அப்பாவின் வண்டி

அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் அன்றைக்கு இருந்தவர்கள் மூன்று பேர். அப்பா, பூந்தமல்லியில் லாரி வைத்திருந்த பாய், நான். வரவேண்டியிருந்தும் வராதவர் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. அவர் இல்லாமல் எதுவும் முடிவாகாது என்று மூவருக்கும் தெரியும். ஆனாலும் பேசிக்கொண்டிருந்தோம். அப்பா உட்காரவே இல்லை. எதிரில் சுவரோரம் நின்ற எங்கள் லாரிக்குப் போவார், குனிந்து எஞ்சினுக்கு அடியில் தரையைத் தொட்டுப் பார்ப்பார், விரலில் ஆயில் ஒட்டவில்லை என்றதும் திரும்பி வருவார். டீ ஆறிப்போகும். மறுபடியும் போவார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் பி.காம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான். அப்பாவின் லாரிதான் என் ஃபீஸையும் பட்டாபிராமில் எங்கள் வீட்டு வாடகையையும் கட்டியது. எஸ்டேட்டில் இருந்த ஒரு ஃபவுண்டரியிலிருந்து இரும்பு வார்ப்படங்களைத் தினமும் துறைமுகத்துக்கு ஏற்றிப் போவார். சேர்ந்தாற்போல் இரண்டு நாள் வண்டி வராவிட்டால் அந்த லோடு வேறு ஆளுக்குப் போய்விடும். கேட்டில் வரிசையாக ஆட்கள் காத்திருந்தார்கள்.

இந்த நிலையில்தான் வண்டி விற்ற டீலரின் ஆள் ஒருவர் ஸ்கூட்டரில் லாரி ஸ்டாண்ட் ஸ்டாண்டாக வந்து அமுக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார். குறிப்பிட்ட சில எஞ்சின் நம்பர்களில் ஆயில் பம்பின் பற்சக்கரம் சரியில்லையாம். வண்டியைக் கொண்டுவந்து விட்டால் கம்பெனி செலவிலேயே மாற்றித் தருவார்களாம். டீலர் ஆபீசில் இதை ரீகால் என்றார்கள். ஸ்டாண்டில் ‘கம்பெனி கூப்புடுது’ என்றார்கள். கம்பெனி புது எஞ்சினே தருகிறது என்றார் ஒருவர். இல்லை, உள்ளே விட்ட வண்டி வெளியே வராது என்றார் இன்னொருவர். பாய்க்கு மட்டும் வதந்தி எதுவும் தேவைப்படவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் திருவள்ளூர் ரோட்டில் அவருடைய வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஏறாமல் எஞ்சின் இறுகி நின்றுபோயிருந்தது. பின்னால் யாரோ சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தியது போல இருந்தது என்பார். கம்பெனிதான் சரிசெய்து கொடுத்தது. அதற்குப் பிறகு அவர் வண்டி ஒழுங்காக ஓடியது.

எங்கள் சிக்கல் வேறு மாதிரி. அப்பாவும் மாமாவும் ஒரே வாரத்தில், ஒரே டீலரிடம், ஒரே நிறத்தில் லாரி வாங்கியவர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் வண்டி ஒரு பாலத்துச் சுவரில் மோதி, சேஸிஸ் நெளிந்து ஒரு மாதம் பட்டறையில் கிடந்தது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே நேரத்தில் மாமாவின் எஞ்சின் தண்ணீர் குடித்துச் சூடேறி வேலைக்குக் கழற்றப்பட்டிருந்தது. சும்மா கிடக்கும் எஞ்சினை ஓடக்கூடிய வண்டியில் மாட்டு என்று அப்பாவே சொல்லி, எங்கள் எஞ்சினை மாமா வண்டியில் இறக்கினார்கள். எங்கள் சேஸிஸ் நேரானபோது மாமாவின் எஞ்சினும் சரியாகியிருந்தது. அதை எங்கள் வண்டியில் மாட்டினார்கள். திரும்ப மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இரண்டும் நம்ம வண்டிதானே.

இப்போது கம்பெனி கூப்பிட்ட நம்பர் மாமாவுடையது. அவருடைய ஆர்.சி. புத்தகத்தில் அந்த நம்பர் இருந்தது. எஞ்சினோ எங்கள் வண்டியில் இருந்தது.

நான் போய்ப் பேசினால் தீர்ந்துவிடும் என்று நம்பினேன். இரண்டு நாள் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, டீலரின் சர்வீஸ் மேனேஜரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். தமிழிலேயே பதில் சொன்னார். “நீ சொல்றத நான் நம்பறேன் தம்பி. ஆனா புக்குல ஒரு நம்பர், பிளாக்குல ஒரு நம்பர்னா நான் கை வைக்க முடியாது. எது எதோட எஞ்சினோ அதுல மாட்டிக் கொண்டா. மாசக் கடைசிக்குள்ள கொண்டா. அதுக்கப்புறம் கம்பெனி ஆளுங்க இருக்கமாட்டாங்க.”

பாயிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எஞ்சின் மாற்றும் நாட்களில் எங்கள் லோடு, மாமாவின் லோடு இரண்டையும் தானே அடிப்பதாகவும், பில் எங்கள் பேரிலேயே போகட்டும் என்றும், டீசலும் டிரைவர் கூலியும் மட்டும் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். இனி மாமா சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி. அதைப் பேசத்தான் அன்று டீக்கடையில் கூடினோம். அவர் வரவில்லை.

அடுத்த சில நாட்கள் அப்பா வண்டி ஓட்டியதை என்னால் மறக்க முடியவில்லை. அவர் கண் ரோட்டில் பாதி, ஆயில் அழுத்தம் காட்டும் மீட்டரின் முள்ளில் பாதி. முள் கொஞ்சம் ஆடினாலும் ஓரம் கட்டிவிடுவார். ஒரு நடைக்கு நான்கு இடத்தில் நின்றார். ரோட்டைப் பார்க்காமல் எதிலாவது மோதிவிடுவார் என்று பயந்து, காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். முள்ளைப் பார்ப்பது என் வேலை, ரோட்டைப் பார்ப்பது அவர் வேலை. அப்படியும் அவர் விடவில்லை. “கீதா? கீதா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். முள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருக்கிறது என்பேன். அடுத்த மைலில் மறுபடி கேட்பார்.

அம்மா பொறுத்துப் பார்த்தாள். பிறகு என்னை அழைத்துக்கொண்டு ரயிலேறினாள். கொரட்டூர் ஏரிக்கரையில் மாமா வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அக்கா, நான் மாட்டேன்னா சொன்னேன்? நீயே சொல்லு. என் வண்டி நல்லா ஓடிக்கினு கீது. நல்லத கழட்டிக் குடுத்துட்டு நோவு புடிச்சத நான் மாட்டிக்கணுமா?”

“நோவு புடிச்சது யாருதுடா? உன் பேர்ல வாங்கினதுதானே.”

“வாங்கினது நான். ரெண்டு வருசமா ஓட்னது யாரு?”

மாமா சொன்னதில் ஒரு நியாயம் எனக்கும் தெரிந்தது. அதுவே இன்னும் கலக்கமாக இருந்தது. கம்பெனிக்காரன் ஒரு சக்கரத்தை மாற்றி மூடிக் கொடுப்பான், ஒரு தடவை பிரித்த எஞ்சின் பிரித்ததுதான், உங்கள் வீட்டுக்காரருக்குக் கண்டதற்கெல்லாம் பயம் என்று மாமா சொல்லிக்கொண்டே போனார். அம்மா கடைசியில், “நாளைக்கு அந்த வண்டிய நீ ஓட்டு. உன் வண்டிய அவர் ஓட்டட்டும். ஒரே நடை. வந்து சொல்லு,” என்றாள்.

“ஓட்றேன்கா. இதுக்கு இன்னா இப்போ,” என்று மாமா சிரித்தார்.

மறுநாள் ஃபவுண்டரியில் லோடு ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். மாமா ஒற்றைக் கையால் ஓட்டினார். நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

“இன்னாடா மாப்ளே, காலேஜ்ல இதான் பாடமா? முள்ளு பாக்கறது?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச தூரம்கூடப் போயிருக்கமாட்டோம், என்னையும் மீறிக் கண் திரும்பியது. பாடி தாண்டியிருந்தோம். முள் சாய்ந்துகொண்டிருந்தது. ஆடவில்லை, தூக்கம் வந்தவன் தலையைப் போல மெதுவாகச் சாய்ந்தது.

“மாமா, முள்ளு எறங்குது.”

“எறங்கும், எறங்கும். நீ ஏறிக்கடா பரீட்சைல.”

“மாமா.”

அவர் பார்த்தார். எஞ்சினை அணைத்துவிட்டார். பின்னால் அத்தனை இரும்போடு வண்டி சத்தமில்லாமல் உருண்டது. பின்னால் வந்த பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, ஒரு மரக்கடைக்கு முன்னால் ஒதுக்கி நிறுத்தினார். இறங்கி ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் நிறையவே இருந்தது. அப்படியென்றால் பம்ப்தான். துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தார். மறுபடியும் அதேதான்.

திரும்பிப் போகவும் முடியாது, அங்கேயே நிற்கவும் முடியாது. ஆறட்டும் என்று காத்திருந்து ஸ்டார்ட் செய்தார். முள் எழுந்து பாதியில் நின்றது. சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போகும் வேகத்தில் துறைமுகம் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் மாமா உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே வந்தார். லோடு இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டார்.

“இந்த வண்டியவா உங்கப்பா தெனம் ஓட்றாரு?”

ஆமாம் என்றேன்.

“ஞாயித்துக்கெழம கழட்டிடலாம்னு சொல்லு. பாய்கிட்ட நானே பேசறேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் பக்கத்துப் பட்டறையில் செயின் கப்பி கட்டி இரண்டு எஞ்சினையும் தூக்கினார்கள். பக்கத்தில் பக்கத்தில் தொங்கியபோது எது எது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே நாளில் முடியும் என்றார் மெக்கானிக். முடியவில்லை. டீலரிடம் விட்ட மாமாவின் வண்டியும் சொன்ன நாளில் வரவில்லை. அதுவரை பாய் காலையில் வார்ப்படமும் மதியத்துக்கு மேல் மாமாவின் இரும்புக் கம்பியும் அடித்தார். மேனேஜர் கழற்றிய பற்சக்கரத்தை எங்களிடம் காட்டினார். இரண்டு பல் பாதியாக உடைந்திருந்தது. மாமா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேனேஜர் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

அப்பாவுக்கு அவருடைய பழைய எஞ்சினே திரும்பக் கிடைத்தது. இரண்டு வருடம் மாமாவின் கம்பி லோடை இழுத்த எஞ்சின். மேட்டில் கரும்புகை விட்டது. “என்னுதுதான். ஆனா தெரியாத ஆளு மாதிரி கீது,” என்றார் அப்பா. ஃபவுண்டரி லோடு கைவிட்டுப் போகவில்லை. முள்ளைப் பார்க்கும் பழக்கமும் அவரை விடவில்லை. அதற்கு இனி அவசியமில்லை என்று நான் பலமுறை விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே பார்ப்பார்.

கம்பெனி எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. பட்டறைக் கூலி, புது ஆயில், பாயின் டீசல், டிரைவர் கூலி, நின்றுபோன நடைகள் எல்லாவற்றையும் அம்மாவும் மாமாவும் உட்கார்ந்து கூட்டினார்கள். பாதிப் பாதி என்றார் மாமா. அம்மா மறுக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஆன செலவு எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.