தோற்றவரின் கையில் திறப்பு

எங்கள் ஊர்ச் சங்கத்தின் சொத்து என்றால் ஊருக்கே சமைக்கிற பெரிய கிடாரங்கள்தான். சைவத்துக்கு வேறு, இறைச்சிக்கு வேறு. யார் தலைவரோ அவருடைய கட்டிடத்தின் நிலவறையில் அவை இருக்கும், திறப்பும் அவரிடமே. கல்யாண வீடோ செத்த வீடோ, அவர் வந்து பூட்டைத் திறந்தால்தான் அடுப்பு எரியும்.

2009க்குப் பிறகு பல வருடம் தலைவராக இருந்தவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். பிரெஞ்சு நாட்டுக்கு வந்த புதிதில் ஒரே அறையில் படுத்து, ஒரே ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவியவர்கள் நாங்கள். ஆண்டு விழாவை லா சப்பலில் வைப்பதா, திரான்சியில் வைப்பதா என்று தொடங்கிய பேச்சு, அண்ணையின் ஆக்கள், மற்ற ஆக்கள் என்று இரண்டாகப் பிரிந்து, புதிய தலைவருக்கான வாக்கெடுப்பில் வந்து நின்றது. நான் மற்ற ஆக்களோடு நின்றேன். அண்ணை என் கடைக்குத் தேத்தண்ணி குடிக்க வருவதை நிறுத்திவிட்டார். வெற்றி தோல்வியைவிட எனக்கு அதுதான் நெஞ்சைக் குடைந்தது.

அந்த நாட்களில் பிரெஞ்சு பழக என்று நூலகத்தில் எடுத்த புத்தகம், அமெரிக்கா தொடங்கிய கதை. கட்சி என்று ஒன்று வந்தால் நாடு கெட்டது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னவர்கள்தான் அதைத் தொடங்கிய மனிதர்கள். முதல் ஜனாதிபதியின் மேசையிலேயே இரண்டு மந்திரிகள் முட்டிக்கொண்டார்கள். ஒருவருக்கு மத்திய அரசும் வங்கியும் பலமாக வேண்டும், மற்றவருக்கு மாநிலங்களும் உழுது விதைக்கிற கமக்காரரும். ஆளுக்கொரு பத்திரிகை, ஆளுக்கொரு கூட்டம். நாங்கள் நாட்டுக்காக நிற்கிறோம், எதிராளிதான் கட்சி கட்டுகிறான் என்று இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லியே இரண்டு கட்சி முளைத்துவிட்டது.

கடைக்கு வரும் ஓய்வுபெற்ற புதுச்சேரி ஐயாவிடம் இதைச் சொன்னேன்.

"அப்புறம் என்னப்பா, வெட்டுக்குத்தா?"

"இல்லை ஐயா. இரண்டாவது ஜனாதிபதி அந்த மந்திரியிலை ஒருத்தரிட்டைத் தோத்துப்போனார். வெண்டவர் பதவியேற்கிற அண்டைக்கு, விடிய முன்னமே வண்டி ஏறிப் போயிட்டார்."

"கோவிச்சுக்கிட்டா?"

"ஓம், கோவந்தான். ஆனால் பதவிக் கதிரையை விட்டுட்டுத்தான் போனவர்."

"அது போதுமே!" என்றார் ஐயா.

எங்கள் வாக்கெடுப்பில் அண்ணை தோற்றார். புதிய நிர்வாகத்தின் முதல் கூட்டத்துக்கு அவரும் வரவில்லை, திறப்பும் வரவில்லை. "கிடாரத்துக்கு மேலை ஏறி இருக்கிறார் போலை" என்று ஒருவர் பகிடி விட, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எபினேயில் ஒரு செத்த வீட்டுக்காரர் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குச் சைவக் கிடாரம் கேட்டிருந்தார். திறப்பு வராவிட்டால் சங்கமும் முடிந்தது, அண்ணையும் நானும் முடிந்தது.

மறுநாள் காலை கடைக் கதவை உயர்த்தினேன். வெளியே அண்ணை. உள்ளே வந்து திறப்பைக் கல்லாவில் டக்கென்று வைத்தார்.

"இந்தா, உங்கடை ராச்சியம். நீங்கள் கைதட்டுறதைப் பாக்க ஏலாமல்தான் நேற்று வரேல்லை. சைவக் கிடாரத்துக்கை இறைச்சி காய்ச்சினியளோ, அடுத்த தேர்தலிலையும் நான் நிப்பன்."

"நில்லுங்கோ அண்ணை. நானும் எதிர்ப்பக்கந்தான் நிப்பன்."

"உன்னட்டை வேறை என்னத்தை எதிர்பாக்கிறது! சீனியைக் குறைச்சு ஊத்து."

தேத்தண்ணி ஊற்றினேன். பதற்றத்தில் வழக்கம்போலவே சீனியை அள்ளிப் போட்டுவிட்டேன். அண்ணை அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.