கொட்டிய இடத்திலேயே ஒரு டீ

தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த வருடங்கள் அவை. நீலகிரியில் தேயிலை வைத்திருந்த யாரைக் கேட்டாலும் அந்தக் காலத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். என் கதை சோலூர் பக்கத்தில், எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் ரோட்டு வளைவில் நடந்தது.

நான் பிறந்தது அவிநாசிப் பக்கம். கல்யாணமாகி மலைக்கு வந்தபோது தேயிலைச் செடிக்கும் வேலியோரச் செடிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. ஊட்டி மார்க்கெட்டில் கடை வைத்திருந்த என் மாமனார் வாங்கிப் போட்ட ஒரு ஏக்கர் தேயிலையும், அதன் நடுவே ஒரு வீடும்தான் எங்கள் சொத்து. வீட்டை ஒட்டி நான் போட்ட மேரக்காய்ப் பந்தலும் (கீழே அதைச் சௌசௌ என்பார்கள்) பீன்ஸ் கொடியும் என் சொந்த ராஜ்ஜியம். வந்த புதிதில் முற்றல் இலையாகப் பறித்துக்கொண்டு போய் நின்றேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த ரோஷத்தில்தான் தொழிலைக் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு இரண்டு இலையும் ஒரு மொட்டும் தவிர ஒரு வெறும் காம்புகூட என் சாக்கில் இருக்காது. இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இன்றைக்கும் அது குறையவில்லை.

விலை விழுந்ததும் பறிப்புக் கூலிக்கே கட்டுப்படியாகாது என்று பலர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நின்ற செடிகள் மரமாக வளர்ந்தன. பட்டப்பகலிலேயே காட்டெருமை உள்ளே வந்து நின்றது. குடும்பம் குடும்பமாகக் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போனார்கள். என் கணவரும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் ஒரே பேச்சுதான். வீட்டைப் பூட்டிவிட்டு நானும் மகளும் கீழே வந்துவிட வேண்டும்.

எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. அவர் பார்த்து வைத்திருந்த ஒற்றை அறையை நானும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஒரு கொத்தமல்லி விதை போடக்கூட அங்கே மண் கிடையாது. கடைசியில் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. இலை எடுக்க லாரி வருகிற வரைக்கும் நான் மலையில் இருக்கலாம். எங்கள் இலையை எடுக்க ஆள் இல்லை என்றால் மறுபேச்சு பேசாமல் கிளம்பிவிட வேண்டும்.

அப்போது எங்கள் வளைவுக்கு ஒரே ஒரு ஃபேக்டரியின் லாரிதான் வந்துகொண்டிருந்தது. மற்றவை ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. அதனால் லாரியில் வந்து இலையை எடை போடுகிற ஆள் எங்களுக்கு ராஜா மாதிரி. முதலாளியும் இல்லை, மேனேஜரும் இல்லை. தராசு அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் எல்லோரும் அவரைக் கண்டால் கொஞ்சம் குனிந்துதான் நிற்போம். நானும்தான்.

ஒருநாள் மிஸ்ட் இறங்கி, தூறலும் போட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆள் வரும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். இரண்டு மூன்று பேருடைய இலையை எடை போட்டார். என் முறை வந்தது. சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. சாக்கை அப்படியே தலைகீழாகப் பிடித்து இலையை ரோட்டில் கொட்டிவிட்டார்.

"இதெல்லாம் ஒரு இலையாம்மா? மாடுகூடத் திங்காது. கீழ இருந்து வந்தவங்களுக்கெல்லாம் தேயிலை எதுக்கு? இனிமே இதைத் தூக்கிட்டு இங்க வராத."

மாடு எந்தத் தேயிலையையும்தான் தின்னாது, அது வேறு விஷயம். கத்தரி வைத்து வெட்டிய முற்றல் இலையெல்லாம் என் கண் முன்னால்தான் எடையாகி லாரியில் ஏறியிருந்தது. அதைக் கொண்டு வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். நான் ஈர ரோட்டில் உட்கார்ந்து இலையை அள்ளி அள்ளிச் சாக்கில் போட்டேன். அழுகை வந்தது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை, சுத்தமான ஆத்திரம்.

மேட்டில் ஏறும்போது அடுத்த தோட்டத்து அக்கா பின்னாலேயே வந்தார்.

"வுடு அம்மிணி. அந்த ஆளைப் பகைச்சுக்காத. கோவிச்சுட்டு லாரியை நிறுத்திப் போட்டா நாம எல்லாரும் எங்க போறது?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் டெலிபோன் பூத்துக்குப் போய்க் கணவரிடம் பேசினேன். நடந்ததைச் சொன்னதும் அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "நான்தான் சொன்னேனில்ல புள்ள. இலையே எடுக்கலைன்னா அங்க உக்காந்து என்ன பண்ணுவ? பரீட்சை முடிஞ்சதும் ரெண்டு பேரும் கெளம்பி வந்துருங்க." நான் "அதைப் பொறவு பேசிக்கலாமுங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் சாக்குக்குள் இலை சூடேறிக் கிடந்தது. அப்படியே விட்டால் அழுகிவிடும். கட்டில், பாய், பெஞ்சு என்று கிடைத்த இடத்திலெல்லாம் பரப்பினேன். வீடு முழுக்கப் பச்சை வாசனை. அதன் நடுவில் ஒரு டம்ளர் டீயோடு உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது. நான் குடித்துக்கொண்டிருந்தது கடையில் வாங்கிய தூள்! எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். காலையில் இலையைப் பறித்து லாரியில் ஏற்றுவோம், சாயங்காலம் கடைக்குப் போய்ப் பாக்கெட் வாங்குவோம். தூள் என்பது ஃபேக்டரியில் மெஷின் செய்கிற சமாச்சாரம். வீட்டில் செய்யலாம் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்கு அன்றைக்குத் தோன்றியது. வேறு வழி இல்லாததால் தோன்றியது என்றும் சொல்லலாம்.

மகளின் பள்ளிக்கூடத்தில் ஒருமுறை ஃபேக்டரியைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனபோது நானும் துணைக்குப் போயிருந்தேன். இலையை வாட வைப்பார்கள், கசக்குவார்கள், சிவக்க விடுவார்கள், உலர்த்துவார்கள். இவ்வளவு தெரிந்தால் போதாதா என்ற தைரியத்தில் வாடிய இலையை ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டினேன். பச்சைச் சட்னி வந்தது. மிச்சத்தைக் கையால் கசக்கி வடச்சட்டியில் போட்டு வறுத்தேன். பார்க்கத் தூள் மாதிரியே இருந்தது. மகள் ஒரு வாய் குடித்துவிட்டு, "அம்மா, டீயில கருவாடு வாசம் அடிக்குது" என்றாள். முந்தின வாரம் அந்தச் சட்டியில்தான் கருவாடு வறுத்திருந்தேன். எங்களுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

அதற்கப்புறம் நான் வளைவுப் பக்கம் போகவில்லை. பறிப்பேன், வீட்டிலேயே வாட்டுவேன், முறத்தில் போட்டு உள்ளங்கையால் உருட்டுவேன். கை எரியும். ஈரத்துணி போட்டு மூடி வைத்தால் இலை செம்பு நிறத்துக்கு வரும். அதைப் புதுச் சட்டியில், அடுப்பைத் தணித்து, பொறுமையாக உலர்த்த வேண்டும். அவசரப்பட்டால் கருகும், சோம்பல்பட்டால் புளிக்கும். எத்தனையோ தடவை குப்பையில் கொட்டினேன். ஒருநாள் வந்தது பாருங்கள் ஒரு டிகாஷன்! நல்ல செம்பழுப்பு நிறம். கடைத்தூளின் கடுப்பு இல்லை, லேசான மணம். அடுப்படியிலேயே நின்று குடித்தேன். என் செடியின் ருசி எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தனை சந்தோஷமாக இருந்தது.

பரீட்சை முடிந்தது. கணவர் எங்களை அழைத்துப் போக வந்துவிட்டார். சாமான் கட்டக் கயிறுகூட வாங்கி வந்திருந்தார். நான் முதலில் என் தூளில் டீ போட்டுக் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா டீயைக் குடிச்சே பொழைச்சுக்க முடியுமா?"

நியாயமான கேள்வி. அதனால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "முடியாதுங்க. நாளைக்கு லாரி வரும். மறுபடியும் இலையைக் கொண்டுட்டுப் போறேன். எடுத்தா நாங்க இங்கதான் இருப்போம். எடுக்கலைன்னா நானே மூட்டை கட்டறேன்" என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். அந்த ஆள் எடுக்க மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் தலையாட்டினார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் பறித்த இலைச்சாக்கைக் கணவர் தூக்கிக்கொண்டார். நான் பெரிய தூக்குப்போசியில் டீயும், பையில் டம்ளர்களும் எடுத்துக்கொண்டேன். இஞ்சி போடவில்லை, ஏலக்காய் போடவில்லை. டீ நன்றாக இருந்தால் அந்தப் பெயர் இலைக்கு மட்டும்தான் போக வேண்டும்.

வளைவில் நல்ல குளிர். லாரி வருவதற்குள் காத்திருந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தேன். லாரி வந்ததும் டிரைவருக்கும் கொடுத்தேன், அந்த ஆளுக்கும் கொடுத்தேன். என்னைப் பார்த்ததும் முகம் சுளித்தவர், குளிரில் சூடான டம்ளரை வேண்டாம் என்று சொல்லவில்லை. மளமளவென்று குடித்துவிட்டு டம்ளரை மறுபடியும் நீட்டினார். இன்னொரு தடவை ஊற்றினேன். அதையும் குடித்து முடிக்கிற வரை காத்திருந்தேன்.

"அண்ணா, இது கடைத்தூள் இல்லீங்க. அன்னிக்கு இதே எடத்துல கொட்டுனீங்களே, அதே செடியில பறிச்ச இலை. வீட்டுல நானே செஞ்சது. மாடுகூடத் திங்காதுன்னு சொன்னீங்க. நீங்க ரெண்டு டம்ளர் குடிச்சுட்டீங்க."

டிரைவர்தான் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. அந்த ஆளின் முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா, நக்கலா?"

"நக்கலெல்லாம் இல்லீங்க. இதா என் சாக்கு. முத்தல் இருந்தா எல்லாரு முன்னாடியும் எடுத்துக் காட்டுங்க. பேசாம தூக்கிட்டுப் போயிடறேன். காட்டாம கொட்டற வேலை மட்டும் வேண்டாமுங்க."

அவர் சாக்குக்குள் கையை விட்டார். ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். அடியிலிருந்து இன்னொரு பிடி எடுத்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் சாக்கைத் தராசில் மாட்டவில்லை. "நான் எடுக்கலைன்னா எடுக்கலதான்" என்று முனகினார். அவ்வளவுதான், திருப்பூர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது, அந்த ஆளைப் பகைத்துக்கொள்ளாதே என்று எனக்குப் புத்தி சொன்ன அதே அக்கா, தன் சாக்கை இழுத்து வந்து அவர் காலடியில் பிரித்து வைத்தார்.

"என்னோடதையும் பாருங்கண்ணா. நான் கத்தரியில வெட்டுனது. அவ இலையைவிட முத்தல்தான். அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சு, நீங்க எடுத்தீங்க. அவளோடதை எடுக்கலைன்னா இதையும் எடுக்காதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் இலை மட்டம் என்று தானே ஊர் முன்னால் சொல்ல யாருக்கு மனசு வரும்? அந்த வாரத்து அரிசிக்கு அவருக்கும் அந்த ஒரு சாக்குதான். அவரைப் பார்த்து இன்னொருத்தர் சாக்கைக் கீழே இறக்கினார். அப்புறம் எல்லோரும் இறக்கினார்கள். லாரி காலியாகவே நின்றது.

அந்த ஆளின் குரல் இறங்கிவிட்டது. "இலையைக் குறைச்சு எடுத்துட்டு வான்னு ஃபேக்டரியில சொல்லிப்போட்டாங்க. யாருதையாவது தள்ளித்தான ஆகணும்? நான் என்ன பண்றது?" என்றார்.

கேட்க ஆள் இல்லாதவள், கீழேயிருந்து வந்தவள் என்றுதான் அன்றைக்கு என் சாக்கைக் கவிழ்த்திருக்கிறார். அது புரிந்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச பயமும் போய்விட்டது. "அப்ப எல்லாருகிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் கொறைச்சு எடுங்க. ஒருத்தி இலையை மட்டும் கொட்டாதீங்க" என்றேன். அப்படித்தான் ஆயிற்று. ஒவ்வொரு சாக்கிலும் கொஞ்சம் இலை மிஞ்சி நின்றது, எல்லோருடைய இலையும் லாரியில் ஏறியது. அந்த ஏற்பாடு எங்கள் வளைவில் அதற்குப் பின்னும் வெகுகாலம் இருந்தது.

அக்காவிடம் அப்புறம் கேட்டேன், எப்படி உங்களுக்கு அந்தத் தைரியம் வந்தது என்று. "பயந்து போயித்தான் கண்ணு நின்னேன். நீ அந்த ஆளுகிட்ட மாடுன்னு சொன்னதும் பயமெல்லாம் போயிருச்சு" என்றார். நான் அந்த ஆளை மாடு என்று சொல்லவே இல்லை. ஆனால் ஊர் முழுக்க அப்படித்தான் பரவியது. நானும் மறுக்கவில்லை.

அன்று மதியம் பஸ் ஏறும்போது என் கணவர், "புள்ளைக்கு இந்த ஸ்கூலே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். உடனே விலை ஏறிவிட்டது, கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். ஏறவில்லை. இன்னும் நெடுநாள் மேரக்காய்க் குழம்பும் ரசமுமாகத்தான் காலம் தள்ளினோம். எடை போடுகிற அந்த ஆளும் திருந்திய மனிதராகிவிடவில்லை. என்னைக் கண்டால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் எடை போட்டார். ஆனால் சரியாகப் போட்டார். தேயிலை இன்னும் வீட்டைச் சுற்றி நிற்கிறது, நானும் இங்கேதான் இருக்கிறேன்.

இலைக்கு விலை வைக்கிறவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள், அவர்களிடம் என் சத்தம் போய்ச் சேராது என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியும். ஆனால் என் உழைப்பைக் கேவலமாகப் பேசுகிறவர் எதிரே நின்றால், அவர் யாராக இருந்தாலும் நான் தரையைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இன்னொருத்தி குனிந்து நின்றால் அவளைத் தனியாக விடுவதும் இல்லை.