மாமா மிச்சம் பிடித்த வருடம்

நாங்கள் சிட்னிக்கு வந்த மூன்றாம் குளிர்காலத்தில், பள்ளிக்கூடத்துக்கு ஒருவர் ஒரு சின்னப் பெட்டியோடு வந்து என் மூளையை அளந்துவிட்டுப் போனார். அளந்தார் என்று அப்பாதான் சொன்னார். எனக்கு அது அளவை மாதிரித் தெரியவில்லை. சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை அடுக்கச் சொன்னார், அடுக்கினேன். மழையும் ஆறும் எந்த வகையில் ஒன்று என்று கேட்டார், இரண்டும் என்னைக் கேட்டு வருவதில்லை என்றேன். அவர் மணிக்கூட்டைப் பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தார். எழுந்து போகும்போது ஒரு மின்ட் இனிப்புத் தந்தார். இனிப்புக் கரைந்தது, நான் மறந்துவிட்டேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது. அப்பா குசினியில் நின்றபடியே மூன்று தரம் படித்தார். உங்கள் பிள்ளை தன் வயதுக்கு வெகுதூரம் முன்னால் நிற்கிறாள். இரண்டு ஸ்டேஷன் தள்ளி, கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு ஒன்று இருக்கிறது. பத்து வயதில்தான் அங்கே எடுப்போம். இவளுக்கு வருகிற ஜனவரியில் ஒன்பதுதான் என்றாலும், பெற்றோர் விரும்பினால் ஒரு வருடம் முந்தியே எடுக்கலாம், இல்லையென்றால் எல்லாரையும் போல அடுத்த வருடம். நேரில் வந்து முடிவைச் சொல்லுங்கள். கடைசியில் ஒரு வரி: முந்திச் சேர்ப்பதென்றால் மேலிடத்தில் சரிபார்க்க வேண்டும், பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியைக் கொண்டுவரவும்.

நான் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். அப்பாவின் முகத்தில் அது கேத்திலில் தண்ணீர் கொதிக்கும் நேரம்வரை இருந்தது. அம்மா கதிரையில் உட்கார்ந்து மேசையில் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் ஒன்றும் சிந்தியிருக்கவில்லை.

எங்களோடு மாமாவும் இருந்தார். அம்மாவின் தமையன். ஊரில் பிறப்பு இறப்புப் பதிகிற கந்தோரில் கிளாக்கராக இருந்தவர், இங்கே தபால் கந்தோரில் இடம்வாரியாகக் கடிதம் பிரித்தார். சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க்கில் கோயில் எழும்புவதற்கு முந்திய காலம் அது. நல்லநாள் பார்க்க ஐயர் இல்லை, மாமாதான் எங்களுக்கு ஐயர். யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தைத் தபாலில் வரவழைத்து, அங்கத்தைய நேரத்தோடு நாலரை மணித்தியாலத்தைக் கூட்டி, சிட்னிக்கு ராகுகாலம் கண்டுபிடிப்பார். கிரகங்கள் அவரோடு ஒத்துழைத்தனவா தெரியாது, நாங்கள் ஒத்துழைத்தோம்.

ஞாயிறு காலை என் சாதகத்தையும் பஞ்சாங்கத்தையும் மேசையில் விரித்தார். டோஸ்டரில் பாண் வாட்டுகிற மணம். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் போனவர், கடையில் பொருள் எடுத்துத் தருகிறவர் மாதிரிச் சொன்னார்:

“பிள்ளைக்கு ஒன்பது முடிஞ்சு பத்து நடக்குது. வாற தை நல்லாயிருக்கு.”

“மாமா, எனக்கு எட்டு,” என்றேன்.

மூன்று பெரியவர்களும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாண் கருகியது. அதை யாரும் பார்க்கவில்லை.

“குஞ்சு, போய்க் கொடியில உடுப்புக் காய்ஞ்சிட்டுதோ பார்,” என்றாள் அம்மா. காலை எட்டு மணிக்கு, குளிர்காலத்தில், உடுப்புக் காயாது என்று எட்டு வயதுக்கும் தெரியும், ஒன்பது வயதுக்கும் தெரியும். போனேன். கொடி குசினி யன்னலுக்கு நேர் கீழே இருந்தது.

“அண்ணை, நீங்கள்தானே எழுதினனீங்கள்!”

“ஓம், நான்தான். ஊரில ஆர் எழுதேல்லை? ஸ்கொலர்ஷிப் சோதினைக்கு வயசெல்லை இருந்தது. முதல்தரம் தவறினால் இன்னொருக்கால் எடுக்கட்டும் எண்டு ஒரு வருசத்தைக் குறைச்சு எழுதிக் கைவசம் வைச்சனான். நீங்கள் சிட்னிக்கு வெளிக்கிடுவியள் எண்டு நான் என்ன கனவே கண்டனான்?”

“இஞ்சரும்,” இது அப்பா. “சரியாய்ப் பாத்தால் இவளுக்கு வாற தையில பத்துத்தானே. பத்தில எடுக்கிற வகுப்புக்குப் பத்தில போறாள். இதில என்ன பிழை?”

“பேப்பரில ஒன்பதெல்லோ!” என்றாள் அம்மா. “அந்தப் பேப்பரைத்தான் கேக்கினம். பாஸ்போட்டிலயும் அதுதான். எடுத்துக் கிண்டினால் எங்க போய் நிக்கும்? பேசாமல் ஒரு வருசம் பொறுத்தால் ஒருத்தரும் கேக்கமாட்டினம்.”

“கிண்டுறதுக்கு அவங்களுக்கு வேற வேலையில்லையே?”

“அதோட, அவையள் கெட்டித்தனம் எண்டு அளந்தது என்னத்தை? வயசைத்தான். ஒன்பது வயசுப் பிள்ளை ஒன்பது வயசுக் கணக்கைச் செய்தால் அது கெட்டித்தனமே?”

“என்ர மருமகளைக் குறைச்சுக் கதையாத. நீ பத்து வயசிலயும் மணிக்கூடு பாக்கத் தெரியாமல் நிண்டனீ.”

“மணிக்கூட்டைக் கழட்டிப் பரப்பி வைச்சது ஆர்? நீங்கள்! பிறகெப்பிடிப் பாக்கிறது?”

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஈரச் சட்டை ஒன்று என் கன்னத்தில் பட்டது, நான் அசையவில்லை.

ஒரு வருடத்தை எப்படிக் கைவசம் வைப்பது? எங்கே வைப்பது? மாமா வேலைக்குப் போன பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். பூச்சி உருண்டை, ஒரு பட்டு வேட்டி, மை காய்ந்த பேனைகள் மூன்று. வருடம் இல்லை. எனக்கு எப்போதுமே இரண்டு பிறந்தநாள் வரும்: நட்சத்திரத்துக்கு ஒன்று, பாற்சோறு, பாஸ்போட்டுக்கு ஒன்று, கேக். கேக்குக்கு மெழுகுதிரி எண்ணுவார்கள், பாற்சோற்றை யார் எண்ணினார்கள்? அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ என் வருடம் நழுவி விழுந்திருக்க வேண்டும். அந்த வருடத்தில் நான் சாப்பிட்டதெல்லாம் எங்கே போனது, அழுதது எங்கே, வளர்ந்தது எங்கே? கதவுநிலையில் முதுகை வைத்து நின்றேன். தலை அதே இடத்தில்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வந்தால் கையை உயர்த்துவதற்கு முன் ஒரு கணம் தடுமாறினேன்: இதற்கு விடை தெரிந்தது எட்டுக்கா, ஒன்பதுக்கா? எட்டுக்கென்றால் நான் கெட்டிக்காரி. ஒன்பதுக்கென்றால் சும்மா ஒரு பிள்ளை. பாதி உயர்த்திய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

முடிவு சொல்லவேண்டிய நாளில் மழை. அப்பா தன்னிடம் இருந்த ஒரே கோட்டைப் போட்டிருந்தார், உள்பையில் சான்றிதழ். அம்மா சேலைக்கு மேல் கம்பளிக் கோட். ரயிலில் அப்பா “வாற தை” என்பார், அம்மா “அடுத்த தை” என்பாள், வண்டி நிற்கும், கதவு திறக்கும், மூடும், மறுபடி தொடங்குவார்கள். வகுப்பு இருந்த பள்ளிக்கூட வாசலில் குடையை மடக்கும்போதும் முடிவு வந்திருக்கவில்லை.

தலைமை ஆசிரியைக்கு நீலக் கம்பளிச் சட்டை, வெள்ளை முடி, காலடியில் ஒரு ஹீட்டர். கெட்ட மனுஷி இல்லை. எனக்கும் ஒரு கதிரை போட்டாள்.

“எந்த வருடம் என்று யோசித்துவிட்டீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அப்பாவின் கை கோட்டுக்குள் போனது. அம்மாவின் கை என் கையைப் பிடித்தது. ஆசிரியை என் பக்கம் திரும்பி, “உனக்கு எப்போது வர விருப்பம்?” என்றாள்.

என்னிடம் ஒருவரும் அதுவரை கேட்கவில்லை. கேட்டதும், தெரிந்த முழுவதையும் சொன்னேன்.

“அது நான் யார் என்பதைப் பொறுத்தது. எனக்கு எட்டு. ஆனால் என் மாமா எனக்காக இன்னொரு வருடத்தை எடுத்து வைத்திருக்கிறார். அதையும் சேர்த்தால் ஜனவரியில் எனக்குப் பத்து.”

ஹீட்டர் டிக் டிக்கென்றது. அப்பாவின் கை கோட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஆசிரியை என்னைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள், பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துவிட்டுப் பேனையை எடுத்து எதையோ எழுதினாள்.

“என்ன கற்பனை! இப்படிப்பட்ட பிள்ளையைக் காக்க வைக்கவே கூடாது.”

அப்பாவும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. அவருடைய கை வெளியே வரத் தொடங்கியது, வெள்ளைக் கடித உறையின் ஒரு மூலை தெரிந்தது. அப்போது அம்மா பேசினாள். கடைக்காரர்களுக்கு நன்றி சொல்வதைத் தவிர அந்நியர் முன்னால் ஆங்கிலத்தில் வாய் திறக்காத அம்மா.

“நோ. ஷீ வில் வெயிட். ஷீ இஸ் ஸ்மோல்.”

உறை திரும்ப உள்ளே போனது.

அடுத்த வருடம் எல்லாரையும் போலச் சேர்ந்தேன். சான்றிதழை யாரும் கேட்கவில்லை. தன் வருடத்தை வீணாக்கிப் போட்டார்கள் என்று மாமா கனகாலம் புறுபுறுத்தார். அந்த வகுப்பில் முதலாவதாகவும் வரவில்லை, கடைசியாகவும் வரவில்லை. வந்த ஒவ்வொரு மார்க்கிலிருந்தும் ஒரு வயதைக் கழித்துப் பார்த்தேன். அந்தப் பத்திரத்து வயதில்தான் இன்றும் சம்பளம் வாங்குகிறேன், மருந்து வாங்குகிறேன். கழிக்கிற பழக்கமும் போகவில்லை.

ஆனால் அன்றைய ரயில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. என்னை ஒருவரும் ஏசவில்லை. அப்பா எதிர் இருக்கையில் நெஞ்சுப்பையைத் தடவிக்கொண்டிருந்தார். அம்மா இன்னும் என் கையை விடவில்லை, அந்தக் கை நனைந்திருந்தது. மற்றப் பெண்கள் கையுறை போட்டிருந்த குளிர் அது. மழை என்று நினைத்தேன். கையை இழுத்துப் பாவாடையில் துடைத்தேன். அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் கெட்டிக்காரி இல்லை என்கிற வெட்கம் அவளுக்கு. அன்று எனக்கு அப்படித்தான் விளங்கியது. அந்த வெட்கத்தைப் போக்க என்னிடம் ஒரு வழிதான் இருந்தது. நாங்கள் இறங்குகிற ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷன் வரும்வரை, அவளுக்குக் கேட்கும்படி, ஏழாம் வாய்ப்பாட்டைப் பிழையில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். ஏழேழு நாற்பத்தொன்பது. எட்டேழு ஐம்பத்தாறு. ஒன்பதேழு அறுபத்துமூன்று. அவள் திரும்பவேயில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.