குச்சி ஐஸ் வைத்துக் கோன் கழற்றிய செல்லத்தாய் அக்கா

சூலக்கரைக்குப் பிரிகிற விலக்கில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். செல்லத்தாய் அக்காவின் கடை எண்ணிலிருந்து போன் வந்தது. சில நாட்களாக லாரிச் சக்கரத்துக்கு ஒரு ஹப் சீலுக்குச் சொல்லிவைத்திருந்ததால் எடுத்த எடுப்பிலேயே, "அக்கா, சாமான் வந்திருச்சா?" என்றேன். பேசியது அவருடைய மகள் கனி.

"அண்ணே, அம்மா விடியக்காலையில தூக்கத்துலயே போயிட்டாக."

கனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தாள். "உங்க சீல் நேத்தே வந்திருச்சுண்ணே. காலையில முத்துராசுக்கு மறக்காமப் போன் போடணும்னு சொல்லிட்டுத்தான் படுத்தாக."

விருதுநகரிலும் சிவகாசியிலும் சாத்தூரிலும் லாரி ஓட்டுகிறவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விருதுநகரில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்தவர் செல்லத்தாய் அக்கா. பேரிங் விற்பதுதான் அவருக்கு உயிர். கல்லாவில் அடக்கமாக உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. கடைக்குள் அவர் பேசினால் எதிர் வரிசைக் கடைக்காரர்கள் பதில் சொல்வார்கள். தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொள்வதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. "என் கடையில இல்லாத பேரிங்கு இன்னும் செய்யலைன்னு அர்த்தம்" என்பார்.

அக்காவை எடுத்து முடித்த அன்று சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் டிரைவர்களாகத்தான் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று ஒருவர், "வண்டி எப்படிக் கத்துதுன்னு கத்திக் காட்டச் சொல்லுவாகளே" என்றார். அவ்வளவுதான், வாசல் கலகலத்துவிட்டது. நடுவழியில் வண்டி கோளாறாகி அக்காவுக்குப் போன் போட்டால், "நீ சொல்லுற வெளக்கம் வேண்டாம். வண்டி எப்படிக் கத்துதோ அப்படியே கத்து" என்பார். மீசை நரைத்த ஆட்கள்கூட நெடுஞ்சாலையில் நின்று போனுக்குள் "கர்ர்ர்" என்றும் "ஙொய்ங்" என்றும் கத்தியிருக்கிறோம். அன்று ஒவ்வொருவரும் தன் வண்டி போட்ட சத்தத்தைப் போட்டுக் காட்டினார். உள்ளேயிருந்து அழுத முகத்தோடு வந்த கனி, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். துக்க வீட்டில் இப்படிச் சிரிக்கலாமா என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. அக்கா இருந்திருந்தால் அவர்தான் முதலில் சிரித்திருப்பார்.

எனக்கு அவர் யார் என்று தெரிந்தது என் கல்யாணத்துக்கு முந்தின நாள். அதுவரை கடைக்காரர், வாடிக்கையாளர் என்ற பழக்கம்தான்.

அது பட்டாசு சீசன். சாத்தூர் மண்டபத்தில் மறுநாள் காலை முகூர்த்தம், அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. காலையில் ஒரே ஒரு சின்ன நடை, பட்டாசுக் கம்பெனியிலிருந்து சரக்கு அடுக்குகிற கிட்டங்கிக்கு, மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்து லோடு ஏற்றிவிட்டேன். அம்மா திட்டத் திட்டத்தான் கிளம்பினேன். ஆனைக்குட்டம் தாண்டியதும் பின்சக்கரத்தில் அரைக்கிற சத்தம். இறங்கிப் பார்த்தால் கிரீஸ் கருகிய நாற்றம். வண்டி நிறையப் பட்டாசு.

சங்கரன் என்ற மெக்கானிக் சிவகாசியிலிருந்து வந்து சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றினார். உள் பேரிங் பொடிப்பொடியாகக் கொட்டியது. ஆனால் அதன் உள்வளையம் மட்டும் ஆக்சிலைக் கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்றது. அந்த வளையத்தைத்தான் நாங்கள் கோன் என்போம். அதைக் கழற்றாமல் புதுப் பேரிங் ஏறாது, பேரிங் ஏறாமல் சக்கரம் மாட்ட முடியாது. சங்கரன் தட்டிப் பார்த்தார், நெம்பிப் பார்த்தார். கடைசியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கேஸை வச்சுக் காய்ச்சணும். இல்லன்னா கிரைண்டர் போட்டு அறுக்கணும். வேற வழியில்ல" என்றார்.

இரண்டிலும் நெருப்பு. நான் வண்டியின் தார்ப்பாயைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். சீசனில் மாற்று லாரிக்கு எங்கே போவது? வண்டியை அப்படியே போட்டுவிட்டுப் பஸ் ஏறவும் மனசு கேட்கவில்லை. அந்த வழியாகப் பீடியோடு போகிற ஒரு ஆள் போதும்.

புதுப் பேரிங் சொல்வதற்காக அக்காவுக்குப் போன் போட்டேன். கதையைக் கேட்டவர், "லோடு என்ன?" என்றார். சொன்னேன். 

"அங்கன ஒருத்தரும் தீப்பெட்டியக்கூட எடுக்கப்பிடாது. சங்கரன்கிட்டச் சொல்லு. நான் வாரேன்."

லோடு ஆட்டோவில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கினார். கையில் பேரிங் பெட்டி. பின்னால், இறுகிய வளையத்தைக் கவ்வி இழுக்கிற பெரிய புல்லர் ஒன்று, பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் வாங்குகிற பித்தளைச் சுத்தியல் ஒன்று. பித்தளை தட்டினால் பொறி பறக்காது. வந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கையிலிருந்த காப்புக் கயிறு கிரீஸில் கறுத்திருந்தது.

"ஏலே, நாளைக்குத் தாலி கட்டுற கையா இது?"

"வேற கை இல்லையேக்கா" என்றேன். சங்கரன் சிரித்துவிட்டார். அதுவரை அவர் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது.

கூப்பிடு தூரத்தில் ஒரு டீக்கடை இருந்தது. அடுப்பு அங்கே, வண்டி இங்கே, நடுவில் நல்ல இடைவெளி. "நெருப்பு அங்கனயே இருக்கட்டும். சூடு மட்டும் இங்கன வரட்டும்" என்றார் அக்கா. கோனைப் புல்லரால் கவ்வி இறுக்கிவிட்டு, கொதிக்கிற தண்ணீரை அதன்மேல் ஊற்றினோம். வளையம் விரிந்து பிடியை விட வேண்டும் என்பது கணக்கு. வாளி வாளியாக ஊற்றியும் அது அசையவில்லை. வெயில் மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. மாமனார் வீட்டிலிருந்து வந்த போனை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

சங்கரன் ஆக்சிலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். "அக்கா, இதுவும் சேர்ந்து சுடுது. வளையம் விரியிற மாதிரி ஆக்சிலும்லா விரியிது? உள்ள குளிர்ந்து இருக்கணும்."

அந்த ஆக்சில் குழாய்போல உள்ளே வெற்றாக இருக்கும். அக்கா அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ரோட்டில் மணிச் சத்தம் கேட்டது. குச்சி ஐஸ்காரர் டிவிஎஸ் வண்டியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டின் குறுக்கே ஓடினார். அந்த உடம்பு அப்படி ஓடும் என்று நான் நினைத்ததே இல்லை.

"ஏ ஐஸ்காரரே, நில்லுங்க! எல்லாத்தையும் குடுங்க."

"பால் ஐஸா, சேமியா ஐஸாம்மா?"

"ஆக்சிலுக்கு எது பிடிக்கும்னு தெரியலையே. ரெண்டையுங் குடுங்க."

ஐஸ்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு அவரே வந்து உட்கார்ந்துவிட்டார். சாக்கில் போட்டு நொறுக்கி, ஆரஞ்சும் பாலும் சேமியாவுமாக அந்த ஓட்டைக்குள் திணித்தோம். குச்சிகளைப் பொறுக்கிப் போடுவது ஐஸ்காரர் வேலை. ஆக்சில் ஜில்லென்று ஆனதும் சங்கரன் புல்லரை மறுபடி இறுக்கினார். டீக்கடைக்காரம்மா ஓட்டமும் நடையுமாகக் கொதிநீரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இப்ப ஊத்து மாப்பிள்ளை!" என்றார் அக்கா.

ஊற்றினேன். அக்கா பித்தளைச் சுத்தியலால் புல்லரின் திருகாணித் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "டங்" என்று ஒரு சத்தம். முதலில் ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பார்த்தால் கோன் விரல்கடை அளவு நகர்ந்திருந்தது. பிறகு சங்கரன் திருகத் திருக, வீம்பு விட்ட மாமியார்போல நல்லபடியாக இறங்கி வந்தது. ஐஸ்காரர் போட்ட கூச்சலில் வயலில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். அக்கா நடுரோட்டில் நின்று, "யாரு? செல்லத்தாயி!" என்று தன் நெஞ்சிலேயே தட்டிக்கொண்டார். பிறகு சங்கரனைப் பார்த்து, "பாதி உனக்கு" என்றார்.

புதுக் கோனை அதே கொதிநீரில் ஊறவைத்து ஏற்றினோம். வண்டி கிளம்பியபோது அக்கா என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கிட்டங்கியில் லோடு இறங்கும்வரை என்னை நம்ப அவர் தயாராக இல்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு மேளக்காரர்கள் சலித்துப்போய் உட்கார்ந்திருந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியும் கையில் சேமியா ஐஸ் வாசம் போகவில்லை.

மறுநாள் மண்டபத்தில் பட்டுச்சேலையோடு வந்த அக்கா, ஒரு சின்ன நகைப் பெட்டியை என் மனைவி முத்துலட்சுமி கையில் கொடுத்தார். கனமாக இருக்கவே சுற்றியிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். திறந்தால், உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்த அந்தப் பழைய கோன்.

"என்னங்க இது?" என்று முத்துலட்சுமி என்னைக் கேட்டாள். அக்கா முந்திக்கொண்டார்.

"உன் மாப்பிள்ளைய நேத்து வரவிடாமப் பிடிச்சு வச்சிருந்த ஆளு இதுதாம்மா. இனிமே உன் பிடியில இருக்கட்டும்."

மண்டபமே சிரித்தது. அது இன்றுவரை எங்கள் அடுப்படியில் ரசச் சட்டிக்குத் தாங்கியாக இருக்கிறது. அதைவிடப் பொருத்தமான சாமான் வேறு எந்தக் கல்யாணப் பரிசிலும் வரவில்லை என்பது முத்துலட்சுமியின் கருத்து.

அதற்குப் பிறகு அவர் எங்களுக்குக் கடைக்காரர் இல்லை. எங்கள் மகள் பிறந்தபோது மருத்துவமனைக்கு வந்தவர், தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்து, "கொக்கியில எண்ணெய் போடுங்க, கிரீச்சுங்குது" என்றார். கடைசி வருடங்களில் முட்டி வலி. வண்டி நிற்கிற இடத்துக்கு வர முடியாமல் கடையில் உட்கார்ந்தே போனில் அதற்கு வைத்தியம் பார்த்தார். அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். யார் கூப்பிட்டாலும் வண்டியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அவர் கேட்பது, "நிழல்லயா நிக்கிறீக?" என்றுதான். இல்லை என்றால் மேலே பேசமாட்டார். "மொதல்ல நிழலுக்குப் போங்க. அம்புட்டு வெயில்ல நின்னா மண்டை வேலை செய்யாது. வண்டி எங்கயும் ஓடிராது." ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "இரும்புக்கு என்னப்பா, மாத்துச் சாமான் என் கடையில இருக்கு" என்றார்.

இப்போது எனக்கு இரண்டு வண்டிகள். போன வாரம் ஒரு வண்டியின் டிரைவர் சாத்தூர் பக்கத்திலிருந்து பதறிப்போய்க் கூப்பிட்டார். பின்சக்கரம் சுடுகிறதாம், அட்டைப்பெட்டி லோடு, ஆர்டர்காரர் காத்திருக்கிறாராம். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னார். என் வாயிலிருந்து முதலில் வந்தது, "நிழல்லயா நிக்கிறீக?"

அவர் திகைத்துவிட்டார். "இல்லண்ணே, ரோட்டுலதான் நிக்கிறேன்."

"மொதல்ல நிழலுக்குப் போங்க."

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இந்த ஒரு கேள்விதான். பேரிங் பற்றி அவர் சொன்னதில் பாதி மறந்துபோயிற்று. இது மறக்கவில்லை.

"அங்கன ஒரு வேப்பமரம் இருக்குண்ணே" என்று டிரைவர் நடக்கத் தொடங்கினார். செருப்பு தாரில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது. அவர் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்து மூச்சு விடும்வரை, நான் போனைக் காதில் வைத்தபடியே இருந்தேன்.